பதினைந்து மீட்டருக்குக் கீழே

அணைப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் தமிழகத்திலும் கேரளத்திலும் முதலில் வரும் பெயர் முல்லைப் பெரியாறு. 1895ஆம் ஆண்டின் அணை அது. அதற்காக உச்ச நீதிமன்றம் 2006இலும் 2014இலும் தீர்ப்புச் சொன்னது. நிபுணர் குழுக்கள் போய்ப் பார்த்தன. நீர்மட்டம் ஓர் அடி கூடினாலும் இரு மாநிலப் பத்திரிகைகளிலும் செய்தி வருகிறது. அதே இரு மாநிலங்களும் தென்கோடியில் உரசிக்கொள்ளும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் நாம் பேசாத வேறொரு வகை அணை உண்டு. ரப்பர் தோட்டத்தின் பள்ளத்தில், இரண்டு பொற்றைகள், அதாவது சிறு குன்றுகள், கூடுமிடத்தில், நாலைந்து மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மிதித்து எழுப்பிய கரை. அதன் பின்னால் ஐம்பது சென்ட் பரப்பில் தண்ணீர். கோடையில் வாழைக்கும் மரச்சீனிக்கும் அதுதான் உயிர். சில இடங்களில் மீனும் வளர்க்கிறார்கள். கட்டியவர் நிலத்துக்குச் சொந்தக்காரர். பொறியாளர் யாரும் வந்து பார்த்ததில்லை.

ஐம்பது சென்ட் பரப்பில் சராசரியாக இரண்டு மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 4,000 கன மீட்டர் தண்ணீர். எடையில் 4,000 டன். பத்து டன் ஏற்றிய லாரிகள் நானூறு, ஒரு வீட்டின் தலைக்கு மேலே சரிவில் நிற்பதற்குச் சமம். பெரிய அணையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. கரைக்குக் கீழே ஐம்பது மீட்டர் தூரத்தில் தூங்குகிற குடும்பத்துக்கு அந்த ஒப்பீடு பயன்படாது. அணையின் ஆபத்தை அதன் உயரத்தை வைத்து அளப்பது நம் சட்டத்தின் வழக்கம். அதற்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து அளக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

ஏலா வீடாகும்போது

அகத்திய மலையின் அடிவாரமான அம்பூரி, வெள்ளறடை பக்கமிருந்து பூவாறு கடற்கரை வரை முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும். அதற்குள் நிலம் மலையாக, பொற்றையாக, ஏலாவாக, மணலாக இறங்கிவிடுகிறது. பொற்றைகளின் சரிவில் ரப்பரும் தென்னையும், அவற்றின் இடுக்கில் நீண்டு கிடக்கும் ஏலா என்ற வயல்வெளியில் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோக நெல்லும் என்பது பழைய ஒழுங்கு. தென்மேற்குப் பருவமான இடவப்பாதியும் வடகிழக்குப் பருவமான துலா மழையும் பெய்கிற ஊர். மழைக்குக் குறைவில்லை. ஆனால் செம்மண் சரிவில் விழும் மழை நிற்காது. தை பிறந்ததும் ஓடைகள் மெலிந்துவிடும். தண்ணீரைத் தடுத்து வைத்தால்தான் மாசி, பங்குனியைத் தாண்ட முடியும்.

அந்தக் காரியத்தை ஒரு காலத்தில் ஊர்க் குளங்களும் பிறகு அரசின் சானல்களும் செய்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட குளங்கள் உண்டு. நெய்யாறு அணை 1958இல் முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1956 நவம்பர் 1 அன்று, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அணை ஒரு மாநிலத்தில், இடதுகரை சானலின் வால்பகுதி இன்னொரு மாநிலத்தில் என்று ஆனது அப்படித்தான். அந்தச் சானலை நம்பி விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் இருந்தது. 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. தமிழகம் 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத குறை கேரளப் பக்கத்து விவசாயிக்கும் பழகிப்போன குறைதான். அரசின் தண்ணீர் வராத இடத்தில் ஆள் தன் சொந்தச் செலவில், தன் பட்டா நிலத்தில், ஜேசிபி வைத்து ஒரு கரை போட்டுக்கொள்கிறார். அதைக் குற்றமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நீரைத் தேக்குவது நல்ல காரியம். கேரளத்தில் 2016இல் தொடங்கிய ஹரித கேரளம் மிஷனும், இரு மாநிலத்திலும் நடக்கும் ஊரக வேலை உறுதித் திட்டமும் குளம் வெட்டச் சொல்லி ஊக்கப்படுத்துகின்றன. சொல்ல வேண்டியதைத்தான் சொல்கின்றன.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரு கரை போட்டபோது அதற்குக் கீழே ஏலா கிடந்தது. கரை பொட்டினால் பயிர் போகும், வரம்பு போகும், நாற்றங்காலில் மணல் மூடும். அத்தோடு முடியும். பிறகு நெல் போய் வாழை வந்தது. வாழை போய் மனைப்பிரிவு வந்தது. கேரளத்தில் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல்தான் வந்தது. அதற்குள் நிரப்ப வேண்டியதில் பெரும்பகுதியை நிரப்பிவிட்டார்கள். குமரி மாவட்டத்து ஏலாக்களின் கதையும் அதே கதை. கரையில் யாரும் கை வைக்கவில்லை, ஒரு கூடை மண்கூட ஏறவில்லை. ஆனால் அது முன்பைவிடப் பல மடங்கு ஆபத்தான கரையாகிவிட்டது. மேலே இருப்பவருக்கு அது தெரியாது. கீழே வீடு கட்டியவர் மேலே ரப்பருக்குள் தண்ணீர் நிற்பதையே பார்த்திருக்க மாட்டார்.

கரை எப்படி உடைகிறது

மண் அணைகள் உடைந்த வரலாற்றை உலக அளவில் தொகுத்துப் பார்த்தவர்கள் இரண்டு காரணங்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தண்ணீர் கரையின் தலைக்கு மேலே வழிவது ஒன்று. கரையின் உடம்புக்குள்ளே புகுந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்திப் போவது இன்னொன்று. கரை சரிந்து விழுவது, நிலநடுக்கம் முதலியவை இவற்றோடு பார்த்தால் குறைவு.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். கல் அணையோ கான்கிரீட் அணையோ தலைக்கு மேல் தண்ணீர் வழிவதைச் சில மணி நேரம் தாங்கலாம். மண்கரை தாங்காது. வழியும் நீர் கரையின் பின்சரிவை அரித்துப் பள்ளம் பறிக்கும். பள்ளம் முன்னேறி உச்சியை அறுக்கும். அறுந்த இடத்தில் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடி இரு பக்கமும் அகலும். சிறிய கரை இப்படி முழுசாகத் திறந்துகொள்ளச் சில நிமிடங்கள் போதும். ஆகவே மண்கரையின் பாதுகாப்பில் பாதி, மிகுதி நீரை வழியவிடும் அதன் மறுகாலில் இருக்கிறது.

மறுகால் எவ்வளவு அகலம் வேண்டும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு என்பதால் இங்கே போட்டுப் பார்க்கிறேன். ஒரு தோட்டத்துக் கரைக்கு ஐம்பது ஏக்கர் சரிவிலிருந்து மழைநீர் வருகிறது என்று வைப்போம். மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் மழை அடிக்கிறது. இருபது முப்பது சதுர கிலோமீட்டர் பரப்பில் அப்படிப் பெய்தால் வானிலைத் துறை அதை மேகவெடிப்பு என்று சொல்லும். ஒரே ஒரு பொற்றையின் மேல் கால் மணி நேரம் அந்த வேகத்தில் அடிப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு ஓடிவந்தால் நொடிக்கு ஏறத்தாழ 3.4 கன மீட்டர். சென்னை மாகாணத்துப் பொறியாளர்கள் 1884 முதல் கைக்கொண்ட ரைவ்ஸ் சூத்திரத்தில், மலையடிவாரத்துக்கு உரிய எண்ணை வைத்துப் போட்டாலும் ஏறக்குறைய இதே விடைதான் வருகிறது. இந்த நீர் அரை மீட்டர் ஆழத்தில் அமைதியாக வழிந்து போக வேண்டுமானால் மறுகால் ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி அகலம் வேண்டும். அதற்கு மேலும் கரையின் உச்சி இன்னொரு அரை மீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும். தோட்டக் கரைகளில் மறுகாலின் இடத்தில் பெரும்பாலும் ஓரடிக் குழாய் ஒன்றைப் பதித்து வைக்கிறார்கள். மூன்று மீட்டர் நீர் அழுத்தத்தில் அந்தக் குழாய் நொடிக்கு 0.3 கன மீட்டரைத்தான் வெளியேற்றும். தேவையில் பத்தில் ஒரு பங்கு. அதன் வாயில் ஒரு ரப்பர்க் கொம்பும் நாலு தென்னோலையும் வந்து அடைத்தால் அதுவும் இல்லை.

மீன் வளர்ப்பில் இன்னொரு கேடு சேர்கிறது. மழைக் காலத்தில் மீன் தப்பிவிடுமே என்று மறுகாலில் வலை கட்டுகிறார்கள். சருகு வந்து வலையில் அப்பினால் மறுகாலுக்குக் கதவு போட்ட மாதிரிதான். அமெரிக்காவின் ஜான்ஸ்டவுன் நகரத்தை 1889 மே 31 அன்று அழித்த சவுத் ஃபோர்க் மண் அணை பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கத்துக்குச் சொந்தமானது. அங்கேயும் வழிந்தோடியில் மீன் தடுப்புக் கம்பிகள் இருந்தன; அடியிலிருந்து நீரை வெளியேற்றும் குழாய்களை முந்தைய உடைமையாளர் காலத்திலேயே கழற்றிவிட்டிருந்தார்கள்; வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தியும் இருந்தார்கள். 2,209 பேர் இறந்தார்கள். அளவு வேறுதான். ஆனால் அந்த மூன்று செயலில் ஒவ்வொன்றையும் நம் தோட்டத்துக் கரையில் இன்றும் யாராவது செய்துகொண்டிருக்கலாம்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. எந்த மண்கரையிலும் கசிவு உண்டு. கசிகிற நீர் தெளிவாக வரும்வரை பயமில்லை. கலங்கி வந்தால் கரையின் உள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். ஒருமுறை உள்ளே துளை விழுந்துவிட்டால் தண்ணீர் அதைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். துளை எங்கே விழும் என்பதும் அநேகமாகத் தெரிந்ததுதான். கரைக்குக் குறுக்கே பதித்த பிவிசி குழாயின் அடிவயிற்றில் மண் சரியாக இறுகாது, அங்கே விழும். பட்டுப்போன மரத்தின் வேர் மக்கி மறைந்த தடத்தில் விழும். பெருச்சாளி வளையிலும், முள்ளம்பன்றிப் பொந்திலும், நண்டு வளையிலும், கறையான் புற்றின் அறைகளிலும் விழும். கரையில் தென்னை நடுவது நம் ஊர் வழக்கம்; காய்க்கும்வரை நல்லது, சாயும்போது அடிக்கட்டையோடு கரையின் ஒரு பகுதியையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

மண்ணையும் சொல்ல வேண்டும். இப்பகுதியில் மேலே வெட்டுக்கல், அதன் கீழே வெளுத்த, வழுவழுப்பான சேடி மண். நனைந்தால் அது பிடி விடும். கேரளத்தின் பல மாவட்டங்களில் நிலத்தடியில் மண் தானே குழாய் குழாயாக அரிபட்டுப் போவதைத் திருவனந்தபுரத்தில் உள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் ஆராய்ந்திருக்கிறது. அந்த மண்ணை ஜேசிபி வாளியால் அள்ளிக் குவித்து, அதன் சக்கரத்தாலேயே இரண்டு முறை மிதித்துவிட்டால் அது கரை ஆகிவிடாது. பழைய குளத்துக்காரர்கள் ஒவ்வோர் அடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து, கிடாவையும் மாட்டையும் விட்டு மிதித்தார்கள்; மதகைச் சுற்றிக் களிமண் அடைத்தார்கள். இன்றைய பொறியியல் அதோடு ஒரு பாடத்தைச் சேர்க்கிறது: குழாயைச் சுற்றியும் கரையின் பின்னடியிலும் மணலும் ஜல்லியும் கொண்ட வடிகட்டி வைக்க வேண்டும். தண்ணீரை விடும், மண்ணை விடாது. சிறிய கரைக்கு அதற்காகும் மணல் இரண்டு மூன்று லோடு.

உடைந்தவை

இலங்கையில் கந்தளாய்க் குளம் ஏழாம் நூற்றாண்டின் கரை. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அது உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மழைக்காலம் இல்லை, வெள்ளம் இல்லை. ஆயிரத்து முன்னூறு ஆண்டு நின்றது நாளையும் நிற்கும் என்ற நம்பிக்கையை அந்த ஒரு இரவு தகர்த்தது. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறிய மண் அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து, கீழே இருந்த வீடுகளை வாரிக்கொண்டு போனது. இருபது பேர் அளவில் இறந்தார்கள். கசிகிறது என்று ஊரார் முன்கூட்டியே புகார் சொல்லியிருந்தார்கள். அமைச்சர் ஒருவர் நண்டுகள் மேல் பழியைப் போட்டார். நண்டு வளை கரையைக் கெடுக்கும் என்பது உண்மை. வளையைப் பார்த்து அடைக்கும் பொறுப்பு யாருக்கு என்பதற்கு அது பதிலாகாது.

இவை இரண்டும் அரசின் அணைகள். தனியார் அணைக்கு உலகம் அறிந்த இன்னும் இரண்டு சான்று உண்டு. ஹவாய்த் தீவுகளில் காவாய் தீவின் கா லோக்கோ அணை 1890இல் கரும்புத் தோட்டத்துப் பாசனத்துக்குக் கட்டிய மண்கரை. தோட்டத் தொழில் நசிந்து நிலம் கைமாறியது. 2006 மார்ச் 14 விடியலில், நாள்கணக்காகப் பெய்த மழையில், அது உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். அணையின் வழிந்தோடி மண் நிரப்பி மூடப்பட்டிருந்தது என்றும், அரசுத் துறை அதை ஆய்வு செய்ததே இல்லை என்றும் பின்னர் நடந்த விசாரணை சொன்னது. நிலத்தின் உடைமையாளர் 2013இல் வழக்கை எதிர்த்து வாதாடாமல் ஏற்றுக்கொண்டார். அடுத்தது கென்யா. நகுரு மாவட்டத்தின் சோலாய் என்ற இடத்தில் பட்டேல் குடும்பத்தின் பண்ணைக்குச் சொந்தமான பாசன அணை 2018 மே 9 இரவு உடைந்தது. 48 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அணைக்கு அனுமதி இல்லை என்று அந்நாட்டு நீர்வளத் துறை பிறகு சொன்னது. உடைமையாளர் மேலும் அதிகாரிகள் மேலும் வழக்குத் தொடர்ந்தார்கள்.

இந்த இரண்டிலும் எனக்கு உறைப்பது ஒன்று. உடைந்த பிறகுதான் அந்த அணைகள் அரசின் கண்ணில் அணைகளாக ஆயின.

கேரளத்தின் எச்சரிக்கைகள் நமக்கு இன்னும் அருகில். கோழிக்கோடு மாவட்டம் கட்டிப்பாறையில் கரிஞ்சோல மலை 2018 ஜூன் 14 அன்று சரிந்து 14 பேர் இறந்தபோது, மலையின் மேலே தனியார் நிலத்தில் நீர் தேக்குவதற்காக நடந்துகொண்டிருந்த கட்டுமானம் சரிவைத் தூண்டியதா என்ற கேள்வி எழுந்தது. மலப்புறம் மாவட்டத்தின் சீங்கண்ணிப்பாலியில் மலைச்சரிவில் எழுந்த தனியார் தடுப்பணை உயர் நீதிமன்றம் வரை போய், தண்ணீரை வெளியேற்றச் சொல்லி உத்தரவு வரவேண்டியிருந்தது. நம் பகுதிக்கே வந்தால், அன்றைக்கு நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருந்த அம்பூரியில் 2001 நவம்பர் 9 இரவு மலை இறங்கி ஏறத்தாழ நாற்பது பேரைக் கொண்டுபோனது. அது அணை உடைப்பு இல்லை. ஆனாலும் ரப்பர் சரிவுக்குள் நீர் நிறைந்தால் அந்த மண் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் பாடம் கிடையாது. 2021 நவம்பர் 13 மழையில் பாறசாலைக்கும் இரணியலுக்கும் இடையே மண் சரிந்து ரயில்கள் நின்றதும் அதே மண்ணில்தான்.

சட்டத்தின் அளவுகோல்

தனியார் கரை உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி புதிதல்ல. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆலைக்காரர் ஒருவர் தன் நிலத்தில் நீர்த்தேக்கம் கட்டினார். அது உடைந்து பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்தது. 1868இல் பிரபுக்கள் சபை, ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர் அது தப்பிப்போனால் கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு என்றது. ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் என்று சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடம் செய்யும் வழக்கு அது. ஆறே ஆண்டில், 1874இல், அதே கேள்வி நம் நாட்டுக் குளம் ஒன்றைப் பற்றி லண்டன் பிரிவி கவுன்சில் முன் வந்தது. அன்றைய வட ஆர்க்காட்டில் கார்வேட்டிநகரம் ஜமீனின் குளங்கள் பெருமழையில் உடைந்து, சென்னை ரயில்வே கம்பெனியின் பாலங்களைச் சேதப்படுத்தின. ரைலண்ட்ஸ் தீர்ப்பைக் காட்டிக் கம்பெனி நஷ்டஈடு கேட்டது. பிரிவி கவுன்சில் கொடுக்கவில்லை. இந்நாட்டில் குளங்கள் தொன்மையானவை, மக்களின் வாழ்வுக்கு இன்றியமையாதவை, அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை, அவருக்கு அவற்றை மூடிவிட உரிமைகூடக் கிடையாது; ஆகவே கவனக்குறைவை நிரூபித்தால் மட்டுமே பொறுப்பு என்று முடிவு செய்தது.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கும். நம் குளத்தின் இயல்பை இங்கிலாந்து நீதிபதிகள் அன்றைக்குப் புரிந்துகொண்டார்கள். ஆனால் அதன் நிழலில் இன்றைய தோட்டக் கரை ஒதுங்க முடியாது. ஜமீன் குளம் ஊருக்காக இருந்தது. அதை மராமத்து பார்க்க ஆள் இருந்தது. உடைப்பு எடுத்தால் ஊரே வேலைக்கு வரவேண்டும் என்று 1858இல் சென்னை மாகாணத்துக்குச் சட்டமே போட்டிருந்தார்கள். பட்டா நிலத்தில் ஒருவர் தன் பயிருக்காக, ஒருவருக்கும் சொல்லாமல் கட்டியதற்கு அந்தக் கடமையும் இல்லை, அந்தக் காவலும் இல்லை. மறுகால் வைக்காமல் கரை கட்டுவதே கவனக்குறைவு என்று சொல்ல எந்த நீதிமன்றமும் இன்று தயங்காது என்று நினைக்கிறேன். ஆனால் நீதிமன்றம் பேசுவது உடைந்த பிறகு.

உடையாமல் தடுக்க வேண்டிய சட்டம் 2021இன் அணைப் பாதுகாப்புச் சட்டம். அது தனியாரையும் அணையின் உடைமையாளராக ஏற்கிறது. ஆய்வு, பராமரிப்பு, அவசரகாலத் திட்டம் எல்லாவற்றையும் அவர்கள் மேல் சுமத்துகிறது. ஆனால் அதன் வரம்புக்குள் வர, அடித்தளத்திலிருந்து 15 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். 10க்கும் 15க்கும் நடுவே என்றால் 500 மீட்டர் நீளமோ, பத்து லட்சம் கன மீட்டர் கொள்ளளவோ, நொடிக்கு 2,000 கன மீட்டர் வெள்ளமோ, சிக்கலான அடித்தளமோ, வழக்கத்துக்கு மாறான வடிவமைப்போ இருக்க வேண்டும். 10 மீட்டருக்குக் கீழே சட்டம் பேசவே இல்லை. கேரளத்துக்கு 2003இலேயே நீர்ப்பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 2006இல் அதைத் திருத்தியபோதும் கவனம் முழுதும் முல்லைப் பெரியாறு மேல்தான் இருந்தது, 2014இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் முல்லைப் பெரியாறைப் பொறுத்தவரை செல்லாது என்றது. பெரிய அணைச் சண்டை இரண்டு அரசுகளின் நேரத்தையும் தின்றுவிட்டது.

வெளிநாடுகள் வேறு அளவுகோல் வைத்திருக்கின்றன. பிரிட்டன் கொள்ளளவைப் பார்க்கிறது: 25,000 கன மீட்டர் என்பது 1975 சட்டத்தின் எல்லை, வேல்ஸ் 2016இல் அதை 10,000 ஆக்கியது. தென்னாப்பிரிக்கா ஐந்து மீட்டர் உயரத்தையும் 50,000 கன மீட்டரையும் சேர்த்துப் பார்க்கிறது. நம் 4,000 கன மீட்டர்க் கரை அவற்றிலும் சிக்காது. ஆகவே எண்ணைக் குறைப்பது மட்டும் தீர்வல்ல. ஐம்பது மீட்டர் தூரத்தில் வீடு இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா, வழியில் சாலை இருக்கிறதா என்பதைக் கேட்க வேண்டும். இருந்தால் அரை ஏக்கர் குட்டையும் கண்காணிப்புக்குள் வர வேண்டும். இல்லை என்றால் பெரிய குட்டையைக்கூட விவசாயியின் பொறுப்பில் விட்டுவிடலாம். எல்லாக் கரைக்கும் அனுமதி, எல்லாவற்றுக்கும் பொறியாளர் சான்று என்று ஆரம்பித்தால் நடக்கப்போவது லஞ்சமும், அதற்குப் பயந்து குளமே வெட்டாமல் இருப்பதும்தான்.

இன்று கையில் இருக்கும் கருவியும் ஒன்று உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு. பொதுமக்களுக்கு ஆபத்தான கட்டுமானத்தை அகற்றவோ சரிசெய்யவோ மாவட்ட ஆட்சியரும் கோட்டாட்சியரும் அதன்கீழ் உத்தரவிட முடியும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 ஆட்சியருக்கு இன்னும் விரிந்த அதிகாரம் தருகிறது. ஆனால் உத்தரவு போட, முதலில் கரை இருப்பது தெரிய வேண்டும். யாராவது மனு கொடுக்கும்வரை தெரியாது. பக்கத்து நிலத்துக்காரர் மனு கொடுத்தால் அது பகையாக மாறுகிறது. பட்டா பிரியும்போது இன்னும் மோசம்: தண்ணீர் ஒரு பங்காளிக்கு, கரை இன்னொருவருக்கு, மறுகால் இருந்த மூலை வெளிநாட்டில் இருக்கும் மூன்றாமவருக்கு. செப்பனிட யாரைக் கேட்பது?

எல்லைக்கு இரு பக்கமும்

இங்கே எல்லை ஆற்றையோ மலையையோ மட்டும் பார்த்துப் போகவில்லை. பனச்சமூடு சந்தையில் கடை ஒரு மாநிலத்தில், எதிர்க்கடை மறு மாநிலத்தில். அதே போல மழைநீர் விழும் சரிவு ஒரு மாநிலத்திலும் அது இறங்கிச் சேரும் பள்ளம் மறு மாநிலத்திலும் இருக்க முடியும். கரைக்காரர் நெய்யாற்றின்கரை வட்டாட்சியருக்குக் கட்டுப்பட்டவர். கீழே குடியிருப்பவர் விளவங்கோடு வட்டாட்சியரிடம்தான் போக முடியும். 152ஆவது பிரிவின்கீழ் உத்தரவிடும் அதிகாரி தன் எல்லைக்குள்தான் உத்தரவிடுவார். கிராம வரைபடமும் எல்லைக்கோட்டில் நின்றுவிடுகிறது.

என் கணக்கில் செய்ய வேண்டிய வேலை பெரிய செலவுள்ள வேலை இல்லை. ஊராட்சி அளவில் கரைகளின் பட்டியல் ஒன்று: எங்கே, எவ்வளவு உயரம், மறுகால் உண்டா, குழாய் கரையைக் குறுக்கிடுகிறதா, கீழே முதல் வீடு எத்தனை மீட்டர். செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் தெரிகிறது. வார்டு உறுப்பினருக்கும் ஆஷா பணியாளருக்கும் வீடுகள் தெரியும். கீழே வீடு இருக்கும் கரைகளை மட்டும் பாசனத் துறையின் உதவிப் பொறியாளர் ஒருவர் வருஷத்துக்கு இருமுறை, இடவத்துக்கு முன்பும் துலாத்துக்கு முன்பும், நேரில் பார்க்கட்டும். மறுகால் வெட்டிக் கல் பாவுவதற்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தனியார் நிலத்துக்கும் வழி திறக்கட்டும்; பலன் பெறப்போவது கீழே இருக்கும் பொதுமக்கள் என்பதால் அதில் நியாயம் உண்டு. இந்தச் செலவை முழுக்க விவசாயி தலையில் கட்டினால் கரையைப் பதிவு செய்யவே யாரும் முன்வரமாட்டார்கள்.

கரைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் சிறியது. கலங்கிய கசிவைக் கண்டால் அதைக் களிமண் வைத்து அடைக்கக் கூடாது. அடைத்தால் நீர் வேறு இடத்தில் துளை தேடும். அதன் மேல் முதலில் மணலும் பிறகு ஜல்லியும் போட்டு அமுக்க வேண்டும். தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது. நீர்மட்டத்தை இறக்க வேண்டும், அதையும் ஒரே இரவில் வேகமாக இறக்கக் கூடாது, ஊறிய உட்சரிவு வழுக்கி விழும். உடைப்பு நெருங்கிவிட்டது என்று தோன்றினால் மட்டும் அந்தக் கவலையை விட்டுவிட்டு, கீழே இருப்பவர்களை எழுப்ப வேண்டும். அந்த நேரத்தில் யாரை அழைப்பது என்பது எல்லைக் கிராமங்களில் தீராத சிக்கல். மேலே இருப்பவர் கேரள எண்ணில் அழைப்பார். ஆபத்து தமிழகத்தில் இருக்கும்.

அதனால் நெய்யாற்றின்கரை வட்டாட்சியரும் விளவங்கோடு, கிள்ளியூர் வட்டாட்சியர்களும் ஆண்டுக்கு இருமுறை ஒரே மேசையில் உட்கார வேண்டும். நெய்யாறு வழக்கு எப்போது முடிகிறதோ முடியட்டும். இதற்கு மாநில அரசுகளின் ஒப்பந்தம் தேவையில்லை, இரண்டு ஆட்சியர்களின் கடிதம் போதும். முதல் கூட்டத்தில் செய்ய வேண்டியது, எல்லையோர ஓடைகள் ஒவ்வொன்றின் சரிவையும் பள்ளத்தையும், அவற்றின் குறுக்கே நிற்கும் கரைகளையும், அவற்றுக்குக் கீழே உள்ள வீடுகளையும் இரு மாநிலம் சேர்ந்த ஒரே தாளில் வரைவது.